முன்குறித்தல் தனி ஆளுக்கா, கூட்டத்துக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் வேதபாட வகுப்போ, வாலிபர் கூடுகையோ, அன்பியக் கூட்டமோ, ரோமர் 9-ஆம் அதிகாரம் வந்ததும் வகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது. மனிதர்கள் போய்ச் சேரும் முடிவைத் தேவன் முன்பே தீர்மானித்தார் என்பதுதான் முன்குறித்தல்; அதைத் தனித்தனி ஆளாகத் தீர்மானித்தாரா, ஒரு ஜனமாகவா என்பதே சிக்கல். அங்கே திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். ஒரு கேள்விக்கான பதில் முந்தைய பதிலின் மேல் நிற்பதால் முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். வீட்டில் திருவிவிலியம் வைத்திருக்கும் கத்தோலிக்கர்கள் ஆதியாகமத்தைத் தொடக்க நூலிலும், யாத்திராகமத்தை விடுதலைப் பயணத்திலும், உபாகமத்தை இணைச் சட்டத்திலும், அப்போஸ்தலரைத் திருத்தூதர் பணிகளிலும், ரோமரை உரோமையரிலும் தேடிக்கொள்ளலாம். வசன எண் சில இடங்களில் ஓரிரண்டு தள்ளியிருக்கும்.

1. முன்குறித்தல், தெரிந்துகொள்ளுதல் ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றுக்கொன்று நெருக்கம், ஆனால் ஒன்றல்ல. தெரிந்துகொள்ளுதல் "யாரை" என்பதற்குப் பதில். முன்குறித்தல் "எதற்காக, எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க" என்பதற்குப் பதில். எபேசியர் 1:4 உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டார் என்கிறது. அடுத்த வசனம், சுவிகாரபுத்திரராகும்படி முன்குறித்தார் என்று இலக்கைச் சொல்கிறது. ரோமர் 8:29-லும் இலக்கு உண்டு: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக வேண்டும்.

முன்குறிப்பதைச் சொல்லும் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் ஆறே தடவைதான் வருகிறது: அப்போஸ்தலர் 4:28, ரோமர் 8:29, ரோமர் 8:30, 1 கொரிந்தியர் 2:7, எபேசியர் 1:5, எபேசியர் 1:11. இதில் அப்போஸ்தலர் 4:28 சிலுவைச் சம்பவத்தைப் பற்றியது. கொரிந்தியர் வசனம் தேவஞானத்தைப் பற்றியது. மீதி நாலு இடத்தில்தான் மனிதர்கள் முன்குறிக்கப்படுகிறார்கள். நாலும் பன்மை. ஒருவர் பெயரைச் சொல்லி "இவனை முன்குறித்தார்" என்று ஓரிடத்திலும் இல்லை. யாரையும் நரகத்துக்கு முன்குறித்ததாகவும் இந்த ஆறில் இல்லை. ஆறையும் ஒரு தாளில் எழுதி பைபிளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வாக்குவாதம் இந்த ஆறு வசனத்தைத் திருப்பிப் பார்க்காமலே நடக்கிறது.

2. நாலும் பன்மைன்னா, கூட்டத்துக்குத்தான்னு விஷயம் முடிஞ்சுபோச்சே?

முடியவில்லை. சபைக்கு எழுதிய நிருபம் சபை நடுவே சத்தமாக வாசிக்கப்பட்டது. அதில் "நம்மை", "அவர்களை" என்று வருவது இயல்பு. பன்மை என்றால் "ஒரு கூட்டமாக" என்றும் பொருள் வரலாம், "ஒவ்வொருவராகப் பலரை" என்றும் பொருள் வரலாம். பன்மையை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது. அந்த "நம்மை" எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது எபேசியர் பற்றிய 5-ஆம் கேள்வியில் வருகிறது.

3. இந்தச் சண்டையை முதல்ல யார் ஆரம்பிச்சது?

மனிதன் தன் முயற்சியாலேயே நல்வழியில் நடக்க முடியும் என்று போதித்த பெலாகியுவுக்கு எதிராக, மீட்பு முழுக்கக் கிருபைதான் என்று வாதாடிய ஆயர் அகுஸ்தீன் (354–430), தேர்வு தனி ஆட்களைக் குறித்தது என்ற வாசிப்பை மேற்குத் திருச்சபையில் ஊன்றினார். சீர்திருத்தத் தலைவர் கால்வின் தமது பெரிய நூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை விரிவாக்கினார். அதை ஏற்காத டச்சு இறையியலாளர் அர்மீனியுஸ் 1609-ல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து குறிப்புகளில் மறுப்பு எழுதினார்கள். அதற்குப் பதிலாக 1618–19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய பேரவை கால்வின் பக்கம் தீர்ப்பு சொன்னது. யூடியூபில் இன்று கேட்கும் "ஐந்து கோட்பாடுகள்" அங்கிருந்து வந்தவை.

ஒன்றைக் கவனியுங்கள். அர்மீனியுஸைப் பின்பற்றியவர்களிலும் பலர் தனி ஆள் தேர்வையே நம்பினார்கள். இன்னார் விசுவாசிப்பார் என்று முன்னறிந்து தேர்ந்தார் என்றார்கள். ஆகவே "தனி ஆள் என்றால் கால்வின், கூட்டம் என்றால் அர்மீனியுஸ்" என்று பிரிப்பது தப்பு. 1942-ல் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் வேறு வழியில் போனார்: தெரிந்துகொள்ளப்பட்டவர் முதலில் இயேசு கிறிஸ்துவே, மற்றவர்கள் அவருக்குள் என்றார்.

4. பழைய ஏற்பாட்டுல கடவுள் தெரிஞ்சுகிட்டது யாரை?

இரண்டு வகையும் உண்டு. ஜனமாக இஸ்ரவேலை: நீங்கள் பெரிய கூட்டம் என்பதால் அல்ல, நீங்கள் கொஞ்சமாயிருந்தீர்கள் என்று உபாகமம் 7:7 சொல்கிறது. தனி ஆளாக ஆபிரகாம், மோசே, தாவீது, தாயின் வயிற்றில் உருவாகும் முன்னே அறியப்பட்ட எரேமியா (எரேமியா 1:5). ஆனால் தனி ஆள் தேர்வு அங்கே பெரும்பாலும் ஒரு வேலைக்கான தேர்வு. எரேமியா ஜாதிகளுக்கு, அதாவது தேசங்களுக்கு, தீர்க்கதரிசியாகக் கட்டளையிடப்பட்டார். அந்த வசனத்தை எடுத்து "நான் மோட்சத்துக்குக் குறிக்கப்பட்டவன்" என்று வாழ்த்து அட்டையில் போடுவது வசனம் சொல்லாததைச் சொல்வது.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஏசாயா 42:1-ல் "நான் தெரிந்துகொண்டவர்" என்று தேவன் சொல்லும் தாசன். 1 பேதுரு 2:6 அதே சொல்லைக் கிறிஸ்துவுக்குச் சொல்லிவிட்டு, 2:9-ல் "நீங்களோ தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி" என்று சபைக்குச் சொல்கிறது. வரிசை முக்கியம்: முதலில் அவர், பிறகு அவரைச் சேர்ந்தவர்கள்.

5. எபேசியர் 1-ல "நம்மை"ன்னு சொல்றது யாரை?

எபேசியர் 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். பென்சிலை எடுத்து "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்", "பிரியமானவருக்குள்" என்று வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஏறக்குறைய வசனத்துக்கு ஒன்று தேறும். பிறகு 11, 12, 13-ஆம் வசனங்களைப் பாருங்கள். 12-ல் "முன்னே கிறிஸ்துவின்மேல் நம்பிக்கையாயிருந்த நாங்கள்" என்கிறார் பவுல். 13-ல் "நீங்களும்" என்று புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவர்களை, சேர்த்து, அவர்கள் சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசிகளானபோது முத்திரை போடப்பட்டார்கள் என்கிறார். இரண்டு வகை ஜனம் ஒரே சரீரமாவதுதான் 2-ஆம் 3-ஆம் அதிகாரங்களின் பேச்சு. ஆக இங்கே முன்னுக்கு நிற்பது "கிறிஸ்துவுக்குள் இருக்கும் ஜனம்" என்பது எங்கள் முடிவு.

கூடவே எபேசியர் 2:3-ஐயும் வாசியுங்கள். உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்ட அதே "நாம்", விசுவாசிப்பதற்கு முன் கோபாக்கினையின் பிள்ளைகளாய் இருந்தோம். தேர்வு கூட்டத்துக்கானது என்று வாசிப்பவர்களுக்கு இது பலமான வசனம்: ஒருவன் கிறிஸ்துவுக்குள் வரும்போதுதான் அந்தத் தேர்வு அவனுடையதாகிறது என்பார்கள். தீர்மானம் ஆதியில், நிறைவேற்றம் காலத்தில் என்பது மறுபக்கத்தின் பதில். அதுவும் ஏற்கத் தகாத பதில் அல்ல.

6. "பஸ் கடலூர் போகும்னு முடிவு, ஏறுறது நம்ம இஷ்டம்"னு பாஸ்டர் சொன்னார். அவ்வளவுதானா?

பாதி விளக்கம் கிடைக்கிறது. போய்ச் சேரும் இடம் முன்பே குறிக்கப்பட்டது, உள்ளே இருப்பவர் எல்லாரும் அங்கே சேருவார்கள் என்பதை அது சரியாகக் காட்டுகிறது.

உடையும் இடங்கள் இரண்டு. காலியாகவும் பஸ் போகும். எபேசியர் 1:4-ல் தெரிந்துகொள்ளப்பட்டதோ "நம்மை", ஆள் இல்லாத ஒரு திட்டத்தை அல்ல. இரண்டாவது, பஸ் யாரையும் தேடிப் போய் இழுத்து வருவதில்லை. யோவான் 6:44-ல் பிதா இழுக்காவிட்டால் ஒருவனும் வர முடியாது. "ஏறுவது நம் இஷ்டம்" என்று முடித்துவிட்டால் கிருபைக்கு வேலையே இல்லாமல் போகும். பஸ் உதாரணம் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பில் குழப்பம் குறையும்.

7. "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்"னு தெளிவா ரெண்டு ஆளைச் சொல்லுதே?

ரோமர் 9:10–13-ல் பவுல் இரண்டு பழைய வசனங்களைக் கோர்க்கிறார். இரண்டையும் மூலத்தில் போய்ப் பாருங்கள்.

ஆதியாகமம் 25:23-ல் ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டது "இரண்டு ஜாதிகள் உன் கர்ப்பத்தில் இருக்கிறது" என்று தொடங்குகிறது. "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்பது ஏசாவின் ஆயுளில் நடக்கவே இல்லை. ஆதியாகமம் 33:3-ல் ஏழு தரம் தரைமட்டும் குனிந்தவன் யாக்கோபுதான். தாவீதின் காலத்தில் ஏசாவின் வம்சமான ஏதோமியர் அவனுக்குச் சேவகரானபோதுதான் (2 சாமுவேல் 8:14) அந்த வாக்கு பலித்தது. "ஏசாவை வெறுத்தேன்" என்பது மல்கியா 1:2–3. அந்தத் தீர்க்கதரிசி வந்தது யாக்கோபும் ஏசாவும் இறந்து ஆயிரம் வருஷத்துக்கும் பிறகு. பேச்சு பாழாய்ப்போன ஏதோம் நாட்டைப் பற்றி. வெறுப்பு என்றால் ஒவ்வொரு ஏதோமியனும் தொலைந்தான் என்றும் இல்லை. "ஏதோமியனை அருவருக்காயாக, அவன் உன் சகோதரன்" என்று உபாகமம் 23:7-ல் இருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் அவர்கள் சபைக்குள் வரலாம் என்று அடுத்த வசனம்.

இவ்வளவும் கூட்டப் பக்கத்துக்குச் சாதகம். ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். பவுல் ஏன் இதை எடுத்தார்? 9:1–5-ல் அவர் மனம் உடைவது தன் இனத்தாரில் பலர் கிறிஸ்துவைவிட்டு விலகி நிற்பதைப் பார்த்து. 9:6-ல் "இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்லவே" என்கிறார். ஒரே ஜனத்துக்குள்ளேயே கோடு விழுகிறது. ஒரே வயிற்றில் இருந்த இரண்டு பேரை அதற்காகத்தான் உதாரணம் காட்டுகிறார். வெறும் தேசங்களின் சரித்திரப் பங்கு மட்டும்தான் பேச்சு என்றால் அந்தத் துக்கத்துக்குப் பதில் கிடைக்காது. "ரோமர் 9 தேசங்களைப் பற்றியது, தனி மனுஷன் மீட்பைத் தொடவில்லை" என்ற வாதத்தை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது ஒன்று: 9, 10, 11 மூன்றையும் ஒரே உட்காருதலில் சத்தமாக வாசியுங்கள். மொத்தம் 90 வசனம். 9-ஐ மட்டும் படித்தவனுக்குக் கதவு மூடியதாகத் தோன்றும். 10:13-ல் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான் என்று வருகிறது. 11:20-ல் முறித்துவிடப்பட்ட ஒலிவக் கிளைகளைக் காட்டி "அவிசுவாசத்தினாலே" என்று காரணம் சொல்லப்படுகிறது. 11:23-ல் அதே கிளைகள் மறுபடி ஒட்டப்படலாம். 11:32-ல் எல்லார்மேலும் இரக்கம். வாதம் அங்கேதான் முடிகிறது.

8. பார்வோன் மனசைக் கடவுளே கடினமாக்கிட்டு அவனையே தண்டிச்சா அது நியாயமா?

யாத்திராகமத்தை வரிசையாகப் படியுங்கள். கடினப்படுத்துவேன் என்று தேவன் முன்கூட்டியே சொல்வது 4:21, 7:3. ஆனால் வாதைகள் தொடங்கிய பிறகு 8:15-லும் 8:32-லும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். வாதைகளின் நடுவில் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நேராக முதலில் வருவது 9:12. அதற்குப் பிறகும் 9:34-ல் பழையபடி அவனே செய்கிறான். இரண்டு கையும் ஒரே கதையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்தால் வேதம் சொன்னதாகாது.

குயவன் உதாரணத்துக்கும் (ரோமர் 9:21) இதே விதி. எரேமியா 18:7–10-ல் குயவன் கையிலுள்ள களிமண் ஒரு ஜனம், அந்த ஜனம் திரும்பினால் தேவன் தீங்கைச் செய்யாமல் விடுகிறார். ரோமர் 9:22-ல் கோபாக்கினைப் பாத்திரங்கள்மேல் அவர் நீடிய பொறுமை காட்டுகிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

9. கூட்டமாத் தெரிஞ்சுகிட்டார்னா... அப்போ எங்க ஜாதி, அவங்க ஜாதின்னு கடவுளே பிரிச்சாரா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வி நம் ஊரில் வராமல் இருக்காது, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் "ஜாதி", "புறஜாதி" என்பது தேசத்தாரைக் குறிப்பது. தெருவைப் பிரிக்கும் ஜாதியை அல்ல.

"கூட்டத் தேர்வு" என்று நாம் சொல்லும்போது கேட்பவர் மனதில் பிறப்பால் வரும் கூட்டம்தான் எழும். ரோமர் 9 அடித்து நொறுக்குவது அதைத்தான். மாம்சத்தின்படி பிள்ளைகள் ஆனதால் யாரும் தேவனுடைய பிள்ளைகள் ஆகவில்லை என்று 9:8 சொல்கிறது. 9:24-ல் யூதரிலிருந்து மட்டுமல்ல, புறஜாதிகளிலிருந்தும் அழைத்தார். பிறப்பைப் பிடித்து நின்றவர்களின் பிடி தளர்த்தப்படுகிறது. புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்த சுவர் ஒன்று இருந்ததையும், 1745-ல் அதன்மேல் எழுந்த எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்ற போதனை சரியாகப் போதிக்கப்படும் இடத்தில் அப்படி ஒரு சுவருக்கு அஸ்திவாரம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் வரிசை பிரிக்கும் ஊர்கள் இதை யோசிக்க வேண்டும்.

10. சரி, கூட்டம்தான்னு வெச்சுக்குவோம். தனி ஆளைப் பத்தி ஒரு வசனம்கூட இல்லையா?

இருக்கிறது. ரோமர் 16:13-ல் "கர்த்தருக்குள் தெரிந்துகொள்ளப்பட்ட ரூபையும்" வாழ்த்துங்கள் என்கிறார் பவுல். பெயரோடு, ஒருமையில். லூக்கா 10:20-ல் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 17:8-ல் உலகத்தோற்றமுதல் ஜீவபுஸ்தகத்தில் பேர் எழுதப்படாதவர்களைப் பற்றி வருகிறது. பெயர் என்றால் ஆள். கூட்டம் மட்டுமே என்று சொல்கிறவர்கள் இதை ஒதுக்கக் கூடாது.

இரண்டும் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க யோவான் 6:37 போதும். "பிதாவானவர் எனக்குக் கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும்" – இது மொத்தம், ஒரு முழுக் கொடை. உடனே "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" – இது ஒருவன். ஒரே வசனத்துக்குள் மொத்தமும் ஒருவனும். கூட்டமா ஆளா என்று கேட்டு ஒன்றை வெட்டிவிட இந்த வசனம் இடம் தரவில்லை.

11. "நித்தியஜீவனுக்கு நியமிக்கப்பட்டவர்கள் எவர்களோ அவர்கள் விசுவாசித்தார்கள்" – இதுக்கு என்ன சொல்றீங்க?

அப்போஸ்தலர் 13:48. தனி ஆள் பக்கத்துக்கு உள்ள மிகப் பலமான வசனம் இது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் கேட்ட புறஜாதியார் எல்லாரும் அல்ல, "எவர்களோ அவர்கள்". நியமனம் முன்னால், விசுவாசம் பின்னால்.

"நித்தியஜீவனை நாடி ஆயத்தமாயிருந்தவர்கள்" என்று வாசிக்கலாம் என்பவர்களும் உண்டு. பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் அப்படிப் போகவில்லை. அதைவிட இரண்டு வசனம் மேலே பாருங்கள். 13:46-ல் யூதர்கள் நித்தியஜீவனுக்கு அபாத்திரர் என்று தங்களைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். விசுவாசித்தவர்களுக்குப் பின்னால் தேவன், மறுத்தவர்களுக்குப் பின்னால் அவர்களே என்று லூக்கா எழுதுகிறார். இந்தச் சாய்வைச் சமன்செய்ய முயல்கிறவர்கள்தான் இரண்டு பக்கமும் தப்புகிறார்கள்.

12. ரோமர் 8:29–30 சங்கிலி மாதிரி இருக்கே, நடுவுல யாரும் கழண்டு விழ முடியாதுல்ல?

முன்னறிந்தார், முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தினார்: ஐந்து கண்ணி. யார் முதல் கண்ணியில் இருக்கிறார்களோ அவர்களே கடைசியிலும் இருக்கிறார்கள். வாக்குவாதம் முதல் கண்ணியில்தான். விசுவாசத்தை முன்பே அறிந்தார் என்பது ஒரு வாசிப்பு. முன்பே அன்புகூர்ந்தார் என்பது இன்னொன்று. ஆமோஸ் 3:2-ல் "உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன்" என்பதைக் காட்டுவார்கள். ரோமர் 11:2-ல் முன்னறியப்பட்டது இஸ்ரவேல் ஜனம் என்பதைக் கூட்டப் பக்கம் காட்டும்.

எப்படி வாசித்தாலும், பவுல் இதை எழுதியது பாடுபடும் சபைக்கு ஆறுதலாக. 8:18 முதல் 8:39 வரை சேர்த்துப் படித்தால் தெரியும். அந்த ஆறுதலையும் 11:20-ன் "மேட்டிமைச் சிந்தையாயிராமல் பயந்திரு" என்ற எச்சரிக்கையையும் எழுதியது ஒரே கை. ஒன்றைக் காட்டி மற்றதை அடக்காதீர்கள்.

13. யூதாசும் தெரிஞ்சுகொள்ளப்பட்டவன்தானே?

ஆமாம். யோவான் 6:70-ல் பன்னிருவரையும் நான் தெரிந்துகொள்ளவில்லையா, உங்களுக்குள் ஒருவன் பிசாசாயிருக்கிறான் என்கிறார் இயேசு. 4-ஆம் பதிலில் சொன்ன வேலைக்கான தேர்வு இது. ஊழியத்துக்குத் தெரிந்துகொள்ளப்பட்டதை இரட்சிப்பின் உறுதியாக எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

14. எங்க வீட்ல அம்மா ஆர்சி, மாமா லுத்தரன், நான் ஏஜி போறேன். எந்தச் சபை என்ன சொல்லுது?

புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம் உட்பட கத்தோலிக்கத் திருச்சபையில்: 529-ல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர் சங்கம், தீமைக்கு யாரையும் கடவுள் முன்குறித்தார் என்பதைச் சபித்து ஒதுக்கியது. 1547-ல் திரிதெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம், தனி வெளிப்பாடு இல்லாமல் "நான் நிச்சயம் முன்குறிக்கப்பட்டவன்" என்று யாரும் அடித்துச் சொல்லக் கூடாது என்றது. 1992-ல் வந்த மறைக்கல்வி நூலின் 1037-ஆம் எண், கடவுள் யாரையும் நரகத்துக்கு முன்குறிக்கவில்லை என்கிறது.

கடலூரில் தலைமையிடம் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை வரும் லுத்தரன் மரபில் 1577-ஆம் ஆண்டு இசைவு அறிக்கையின் 11-ஆம் பகுதி முக்கியம்: தேர்வு இரட்சிப்புக்குக் காரணம், கெட்டுப்போவதற்குத் தேவன் காரணம் அல்ல, சுவிசேஷத்தின் அழைப்பு எல்லாருக்கும் மெய்யானது. 11-ஆம் பதிலில் பார்த்த சாய்வு இதேதான். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், சுயாதீன சபை மரபுகள் சேர்ந்து உருவானதால் அதற்குள் கால்வினும், மெதடிஸ்டு மரபைத் தொடங்கிய வெஸ்லியும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஏஜி முதலான பெந்தெகொஸ்தே சபைகள் பொதுவாக வெஸ்லி, அர்மீனியுஸ் பக்கம். தீமைக்கு முன்குறிப்பு இல்லை என்பதில் உங்கள் வீட்டார் மூன்று பேரும் ஒன்றாக நிற்கலாம். சாப்பாட்டு மேசையில் அதிலிருந்து பேச ஆரம்பியுங்கள்.

15. அப்போ இது நம்ம ஆளுங்க சொல்ற தலையெழுத்துதானே? பேர் மட்டும் வேற.

இல்லை. தலையெழுத்தில் எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிறவருக்கும் உறவு கிடையாது, எழுத்து அழியாது, என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியாது. முன்குறித்தலில் இலக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அதுவும் பிள்ளையாக்கிக்கொள்ளும் தகப்பனால். எந்தப் பெண்ணைக் கட்டுவோம், எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்பதை 1-ஆம் பதிலின் ஆறு வசனத்தில் ஒன்றும் பேசவில்லை. "வரன் அமையலையே, கர்த்தர் முன்குறிக்கலை போல" என்று பேசுவது வசனத்தின் மொழியில் தலையெழுத்தைப் பேசுவது.

16. சுனாமியில போனவங்க... அதுவும் முன்குறிக்கப்பட்டதா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலை. தேவனாம்பட்டினம் முதல் கரையோரம் முழுக்க இந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த ஆறு இடத்திலும் யாருடைய சாவின் நாளும் விதமும் இல்லை. சிலுவை ஒன்றுதான் சம்பவமாக முன்குறிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

லூக்கா 13:4-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை எடுத்து, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். கடலில் போனவர்கள் குறிக்கப்படாதவர்கள், பிழைத்தவர்கள் குறிக்கப்பட்டவர்கள் என்று சாட்சி சொல்வதைப் போதகர்கள் மேடையிலேயே நிறுத்த வேண்டும். அந்தச் சாட்சியைக் கேட்கும் வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருக்கிறாள்.

17. எல்லாம் முன்னமே குறிச்சாச்சுன்னா ஊழியம் எதுக்கு, ஜெபம் எதுக்கு?

ரோமர் 9-ஐ எழுதிய பவுல் 10:1-ல் இஸ்ரவேலுக்காக ஜெபிக்கிறார், 10:14-ல் பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்கிறார். கொரிந்துவில் அவர் பயந்தபோது, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு என்று கர்த்தர் சொன்னார் (அப்போஸ்தலர் 18:10). பவுல் அதைக் கேட்டு மூட்டை கட்டவில்லை. ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கேயே தங்கிப் போதித்தார்.

18. நான் அந்த லிஸ்ட்ல இருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ராத்திரி தூக்கம் வரலை.

லிஸ்ட்டைத் தேடாதீர்கள். அதைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, உங்கள் போதகருக்கும் இல்லை. தேர்வு கிறிஸ்துவுக்குள் என்றால் (4, 5-ஆம் பதில்கள்) தேட வேண்டிய இடமும் கிறிஸ்துவே. யோவான் 6:37-ன் இரண்டாம் பாதி உங்களுக்காகவே இருக்கிறது: வருகிறவனைத் தள்ளுவதில்லை. வருகிறீர்களா? அதற்கு மேல் ஒரு நிபந்தனை அங்கே எழுதப்படவில்லை.

2 பேதுரு 1:10 தெரிந்துகொள்ளுதலை உறுதியாக்கும்படி ஜாக்கிரதையாயிருங்கள் என்கிறது. எப்படி என்பது அதற்கு மேலே 5 முதல் 7 வரை உள்ள வசனங்களில் இருக்கிறது: விசுவாசம், தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. திருவிருந்தும் ஞானஸ்நானமும் உங்களுக்கு உங்கள் பெயராலேயே கொடுக்கப்படுகின்றன. கூட்டத்தில் நின்று வாங்கினாலும் கை உங்களுடையது. பயம் வாரக்கணக்கில் தொடர்ந்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் போதகரிடம் மட்டுமல்ல, மனநல மருத்துவரிடமும் போங்கள். அது அவிசுவாசம் அல்ல.

19. எங்க அப்பா கடைசி வரைக்கும் சபைக்கு வரலை. அவரைக் கடவுள் குறிக்கவே இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் அதிகாரம் எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. பெயர் சொல்லி ஒருவரைத் தள்ளப்பட்டவர் என்று தீர்க்கும்படி சபைக்குக் கட்டளை இல்லை. ரோமர் 11:4-ல் எலியா தான் ஒருவன்தான் மீதி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தெரியாமல் 7,000 பேர் இருந்தார்கள். ஒரு தீர்க்கதரிசியாலேயே எண்ண முடியாததை நாம் எண்ணக் கூடாது.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இதைக் கேட்டால் ரோமர் 9-ஐத் திறக்காதீர்கள். தேவன் ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப விரும்புகிறார் என்ற 2 பேதுரு 3:9-ஐச் சொல்லலாம், தம்மைக் கொன்றவர்களுக்காகவே ஜெபித்தவரிடம் அப்பாவை ஒப்படைக்கலாம். அதற்கு மேல் பேச வேண்டியிருந்தால் முப்பதாம் நாள் கழிந்தபின் உட்கார்ந்து பேசுங்கள்.